சின்னவளுக்கு வந்தது மூலம் இல்லை

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் 1998-இலிருந்து கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா. என் பொறுப்பில் உள்ள ஊர்களில் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். கர்ப்பிணிகளின் ரத்த அளவு ஒவ்வொன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது. என் கூடப்பிறந்த தங்கச்சிக்கு ரத்தம் ஏழுக்கு இறங்கியது மட்டும் எனக்குத் தெரியாமல் போனது.

அவளை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா பருத்தி எடுக்கப் போகும்போது அவளை என் இடுப்பில் விட்டுவிட்டுப் போவாள். கரிசல் காட்டில் மழை பெய்தால் காலில் ஒட்டுகிற மண் செருப்பை விடக் கனமாகிவிடும். அந்த மண்ணோடு அவளையும் சுமந்துகொண்டு நடந்தது இன்றும் இடுப்புக்கு ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்து, தீப்பெட்டி ஆபீசுக்குக் கொஞ்ச நாள் போனாள். சம்பள நாளில் கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கி வந்து, முதல் துண்டை என் வாயில்தான் வைப்பாள். 2008-இல் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் லாரி வேலை. நல்ல மனுஷர்.

2010 வைகாசியில் ஊர் அம்மன் கொடைக்கு வந்திருந்தாள். சாமக்கொடை முடிந்து எல்லாரும் படுத்த பிறகு, அடுக்களையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அரிசிப் பானையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மென்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன், அம்மாட்ட சொல்லிராத. வெளிக்குப் போனா ரத்தமா போவுதுக்கா.”

“எத்தன நாளா?”

“தெரியல. அங்க கக்கூஸ்ல வெள்ளப் பீங்கான்லா, அதுல பாத்ததும்தான் தெரிஞ்சுது.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சூடுட்டி. மூலமா இருக்கும். ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் காலைல குடி. காரத்தைக் குறை.” மறுநாள் அவள் ஊருக்குப் போகும்போது, துணை சுகாதார நிலையத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை ஒரு மாசத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். பச்சரிசி மெல்லுகிற பெண்ணுக்கு ரத்தசோகை என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். சாம்பல், செங்கல், மண், அரிசி என்று கண்டதைத் தின்னத் தோன்றுவது ரத்தத்தில் இரும்பு குறைந்ததற்கான அடையாளம். அந்த அடையாளம் என் அடுக்களையில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. மாத்திரை கொடுத்தேன். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அதற்கான பதிலை அவள் அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

“தெரியல” என்று அவள் சொன்னதை அப்புறம் எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். கல்யாணம் வரைக்கும் அவளும் நானும் எங்கள் தெருப் பொம்பளைகள் எல்லாரும் விடியுமுன் கருக்கலில், கூட்டமாக ஓடைக்கரை உடங்காட்டுக்கு வெளிக்குப் போனவர்கள். விடிந்தால் ஆள் நடமாட்டம் வந்துவிடும் என்று இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவோம். தன் உடம்பிலிருந்து என்ன போகிறது என்று பார்க்கிற வெளிச்சம் எங்களில் ஒருத்திக்கும் இருந்ததில்லை. அவளுக்கு அந்த ரத்தம் தூத்துக்குடியில் ஆரம்பித்ததா, எங்கள் ஓடைக்கரையிலேயே ஆரம்பித்ததா என்பது அந்த இருட்டோடு போயிற்று.

கொடைக்குப் பிறகு எட்டு மாசம். மூலம், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருப்பார்களே, அப்படி ஓர் இடத்துக்கு அவளும் மாப்பிள்ளையும் போனார்கள். அங்கே ஊசி போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள், பத்தியம் சொன்னார்கள். படுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கச் சொல்லவில்லை, ஆம்பிளை ஆள், வெட்கம். கொஞ்ச நாள் நின்ற மாதிரி இருந்தது. மறுபடி வந்தது. இப்போது சளி சளியாகவும் போனது. போய்விட்டு வந்த உடனே மறுபடியும் போக வேண்டும் போல் இருக்கும், போனால் ஒன்றும் வராது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. வயிற்றுக்கடுப்பு என்று அதற்கு வேறொரு மருந்து. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழ, நூல் சுற்றிப் போட்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்து அம்மா, “புள்ள உண்டாயிருக்காளோ?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அவ்வளவு வெளுத்திருந்தாள்.

அப்போதுதான் ரத்தம் பார்த்தேன். ஏழு. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போகக்கூடாது. மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சின்னவளை இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். உறை மாட்டி, ஜெல் தடவி, விரலை வைத்துப் பார்த்தார். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை எடுத்த பிறகு உறையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். “நர்ஸம்மா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க” என்றார்.

மலக்குடலில் வருகிற புற்று பல சமயம் விரலுக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மெஷினும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், ஒரு ஜோடி கையுறை போதும். அந்த அரை நிமிஷத்துக்காக என் தங்கச்சி எட்டு மாசம் அலைந்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மூலத்தில் வருகிற ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலம் போன பிறகு சொட்டும். வலி அவ்வளவாக இருக்காது. புற்றில் ரத்தம் மலத்தோடு கலந்தோ சளியோடோ வரலாம். வழக்கமாகப் போகிற நேரமும் தடவையும் மாறும், மலம் மெலிந்து வரும், போயும் போன திருப்தி இருக்காது, எடை குறையும், காரணம் தெரியாமல் ரத்தசோகை வரும். ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்து வீட்டில் இருந்தபடி யாரும் முடிவு பண்ணக்கூடாது. ஒருவருக்கே மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே புற்றும் இருக்கலாம். மூலம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதோடு நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே போகும். மலத்தில் ரத்தம் என்றால் டாக்டர் விரலை வைத்துப் பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் குழாய் விட்டும் பார்க்க வேண்டும். வயசு இருபதோ அறுபதோ, இதுதான் முறை.

வயசு என்னும்போது இன்னொன்று. இது வயசானவர்களுக்கு வருகிற நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேல்நாடுகளில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. நம் நாட்டில் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களும் கணிசமாக வருகிறார்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இளவயதுக்காரர்களுக்கு வருவதில் முரட்டு ரகமும் கூடுதல். சின்னவளின் சதைப் பரிசோதனை அறிக்கையில் ‘சிக்னெட் ரிங்’ என்று போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். அந்த ரகத்துச் செல்லுக்குள் கொழகொழவென்று ஒரு திரவம் நிறைந்து, நடுவில் இருக்க வேண்டிய கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுமாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கல் வைத்த மோதிரம் மாதிரி தெரியும். வேகமாகப் பரவும். சின்னவள் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விரலில் நூல் சுற்றிய மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ‘அடையாறு’ என்று சொன்னாலே என்ன வியாதி என்று விளங்கிவிடும், குரல் தானாகத் தணியும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் நான், அவள், மாப்பிள்ளை. ராத்திரி வண்டி. முதல் தடவை டிக்கெட் எடுத்துத்தான் போனோம். அப்புறம்தான் தெரிந்தது, சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பில் ரயில் கட்டணமே கிடையாது, துணைக்கு ஒருவருக்குக் கால்வாசிதான். ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, முத்திரை வைத்துத் தருவார்கள். கேட்டு வாங்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் கம்மலை அடகு வைத்துப் போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அங்கே ஐந்து வாரத்துக்கு மேல் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்பதை நம் ஜனங்கள் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். சனி, ஞாயிறு தவிரத் தினமும். கூடவே மாத்திரை. கதிர் எங்கே பட வேண்டும் என்று இடுப்பில் மையால் கோடு போட்டு, அழியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சென்னையின் சித்திரை வெயில். வேர்த்து ஒழுகும். கொளுத்துகிற வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து குடம் குடமாகத் தலையில் ஊற்றிக் குளித்து வளர்ந்த பிள்ளை அவள். ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் காலையும் துடைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் படாமல், பரீட்சை நோட்டைப் பாதுகாக்கிற மாதிரி பாதுகாத்தாள். “கோடு அழிஞ்சா இடம் மாறிரும்லாக்கா” என்பாள். ஒருநாள்கூட அழியவில்லை.

அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவின் மகள் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. அவள்தான் அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று எங்களுக்குச் சொன்னாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன், எங்களுக்குப் பண உதவித் திட்டமே அவர் பெயரில்தானே இருக்கிறது. மகப்பேறு நிதி கேட்டு எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதியிருப்பேன். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், சட்டசபைக்குள் போன முதல் பெண், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர், இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. அவருக்கு ஒரு தங்கை இருந்தது எனக்குத் தெரியாது.

சுந்தரம்மாள். இருபதுகளில் இருந்த பெண். வயிற்றுக்கடுப்பு, சீதபேதி என்று நினைத்து அதற்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் அது மலக்குடல் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் இறந்துபோனார். சின்னவளுக்கு வந்த அதே இடத்தில் அதே நோய். அதே மாதிரி வேறொன்று என்று நினைத்த தவறு. அதுவும் அக்கா டாக்டராக இருந்த வீட்டில்.

அந்தப் பிள்ளை சொல்லி முடித்ததும் சின்னவள் என்னைப் பார்த்தாள். “அப்ப டாக்டரம்மாவுக்கே தெரியலயாக்கா?” என்றாள். எனக்குச் சமாதானம் சொல்லத்தான் கேட்டாள். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.

முத்துலட்சுமி அம்மாவுக்கு அது சாதாரண துக்கமாக இருந்திருக்காது என்பதை நான் அறிவேன். 1925-இல் லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போனவர், அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், இங்கே அப்படி ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். இதற்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். புற்று வந்தால் சாவுதான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்த காலம். அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பணம் திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பமானது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வேலை பார்த்தார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும் வரைக்கும் அந்த அம்மாவின் வாழ்க்கை அந்த வளாகத்துக்குள்தான்.

தங்கை போனது 1923, ஆஸ்பத்திரி திறந்தது 1954. முப்பத்தொரு வருஷம். அக்காவுக்கு அப்போது வயசு அறுபத்தேழு. இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். அத்தனை காலம் ஒரு பெண் தன் தங்கச்சியை மனசில் வைத்துக்கொண்டே அலைந்திருக்கிறாள்.

எங்கள் ஊரிலும் இப்படி, பெரிய பெயருக்குப் பின்னால் இளவயதில் போன ஒரு பெண் உண்டு. வ.உ.சி. பிறந்த வீடு ஓட்டப்பிடாரத்தில் நினைவு இல்லமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கப்பலைப் பற்றியும் செக்கைப் பற்றியும் கேட்டுவிட்டு வருவார்கள். அவருடைய முதல் மனைவி வள்ளியம்மை கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே இளவயதில் இறந்துவிட்டார். பார்வையில்லாத, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த துறவி ஒருவரை வ.உ.சி. வீட்டோடு வைத்துச் சோறு போட்டபோது உறவுக்காரர்கள் எதிர்த்தார்கள். அப்போது கணவனோடு உறுதியாக நின்றவர் வள்ளியம்மை. இதெல்லாம் நமக்குத் தெரிவது, வ.உ.சி. தன் கதையைச் செய்யுளாக எழுதியபோது அவரையும் சேர்த்து எழுதியதால்தான். எழுதவில்லை என்றால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன என் தங்கச்சி மாதிரி, அவர் நினைவும் வீட்டு ஆட்கள் இருக்கும் வரைக்கும்தான்.

கரண்ட் முடிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்ட வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சின்னவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அந்தப் பையை வாங்கிக் காட்டச் சொல்லி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சேலைக்குள்ள தெரியாதுல்லா?” என்றாள். தெரியாது என்றேன். “அப்ப சரி” என்றாள். அந்தப் பை அவளுக்குத் தேவைப்படவில்லை. ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. ஊசி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கார்த்திகையில் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

2012 தை. உளுந்து பிடுங்கிக் களத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரம். கட்டிலை வாசலில் போடச் சொல்வாள், களத்துச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். அவள் கட்டிலுக்கு உளுந்தங்கூளம் பறந்து வரும், தட்டிவிடவும் மாட்டாள். ஒரு சாயந்திரம் அம்மா மடியில் தலை வைத்திருந்தபோதே போய்விட்டாள். இருபத்தேழு வயசு.

அதன்பிறகு நாங்கள் செய்ய வேண்டியிருந்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். இளவயதில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், அவர் கூடப்பிறந்தவர்களும் பெற்றவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். பொதுவாக, நோய் வந்தவருக்கு எந்த வயதில் தெரிந்ததோ அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்து, இல்லையென்றால் நாற்பது வயதிலிருந்து, எது முந்துகிறதோ அப்போது பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அந்த வயசு எப்போதோ தாண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் போனேன். முந்தின நாள் முழுக்கக் கஞ்சித்தண்ணீர், இளநீர். சாயந்திரம் லிட்டர் கணக்கில் உப்பும் இனிப்புமாக ஒரு தண்ணீர் குடித்து வயிற்றைச் சுத்தமாக்க வேண்டும், அதுதான் கஷ்டம். குழாய் விட்டது தூக்க மருந்தில் தெரியவே இல்லை. குடலுக்குள் பட்டாணி அளவில் ஒரு மரு இருந்ததை அங்கேயே எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி மருதான் பல வருஷம் கழித்துப் புற்றாக மாறக்கூடியது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சின்னவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள், கொடைக்கு எடுத்தது.

இப்போது எங்கள் ஊர்களில் நிறைய வீட்டில் கக்கூஸ் வந்துவிட்டது. தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தார்கள். சில வீட்டில் அதற்குள் விறகு அடுக்கியிருப்பதும் உண்டு, போய்ச் சத்தம் போடுவேன். முப்பது வயசுக்கு மேலே உள்ளவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய்ப் புற்று இருக்கிறதா என்று அரசாங்கமே பார்க்கிறது, நல்ல காரியம். இருபத்தாறு வயதில் மலக்குடலில் வந்தவள் அந்தக் கணக்குக்குள் வரமாட்டாள். அதனால் யாருக்கு ரத்த அளவு குறைந்தாலும் மாத்திரையைக் கையில் கொடுக்குமுன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். மாசத் தீட்டு எப்படிப் போகிறது? பின்னால் ரத்தம் போகிறதா, பார்த்தாயா? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்குத் தலை குனிவார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவேன், அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

போன பங்குனியில் ஒரு வீட்டில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த பிள்ளை, பத்தொன்பது வயசு, வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தது. என்னத்த திங்க என்று கேட்டேன். கையைப் பின்னால் மறைத்தது. அரிசி. ரத்தம் பார்த்தேன், எட்டரை. இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வத்தலைக் கிண்டிவிட ஆரம்பித்தேன். இரண்டு பாத்தி கிண்டி முடித்த பிறகு, “ஆமா சித்தி” என்றது, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வியாழக்கிழமை கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெண் டாக்டர் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் போனேன். திரைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது, வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. அரை நிமிஷம். நான் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உறையைக் கழற்றிக்கொண்டே, “மூலந்தான்மா, வேற ஒண்ணும் கைக்குத் தட்டுப்படல. ரத்தம் இவ்வளவு குறைஞ்சிருக்கறதால குழாய் விட்டும் ஒருதடவை பாத்துருவோம்” என்றார். பதினைந்து நாள் கழித்து அதையும் பார்த்தோம். மேலே சுத்தமாக இருந்தது.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளை என்னை நிற்கச் சொல்லிவிட்டு ஓடியது. கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து, பிரித்து, ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டியது.